குழாயும் விதையும்

பி.டி. பருத்திக்கு 2002-ல் இந்திய அரசு அனுமதி தந்த பிறகு ராஜபாளையத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் நானும் பேசினேன். ‘ஓர் உயிரின் மரபணுவை இன்னொன்றில் நுழைப்பதே இயற்கைக்கு விரோதம்’ என்றேன். நல்ல கைதட்டல். ஆனால் நான் சொன்னது தப்பு.

செடிகளில் கழலையை உண்டாக்குவது ஒரு மண் பாக்டீரியா என்று 1907-ல் அமெரிக்காவில் ஸ்மித்தும் டவுன்சென்டும் காட்டினார்கள். அதுதான் அக்ரோபாக்டீரியம். காயம்பட்ட செடியின் கசிவை மோப்பம் பிடித்து வரும். அண்டைச் செல்லோடு ஒட்டி, புரதங்களாலான ஒரு குழாய் வழியே தன் டி.என்.ஏ. துண்டொன்றை உள்ளே தள்ளும். நான்காம் வகைச் சுரப்பு அமைப்பு என்று இதைச் சொல்கிறார்கள். துண்டு செடியின் டி.என்.ஏ.வில் கலந்துவிடுவதை 1977-ல் மேரி-டெல் சில்டன் குழுவினர் நிறுவினார்கள். பிறகு அந்தச் செல்கள் கழலையாகப் பெருகும். ஓபைன் என்ற பொருளையும் தயாரிக்கும். ஓபைன் செடிக்கு உதவாது, பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அடுத்த வீட்டு அடுப்பில் தனக்கு உலை வைக்கிற வித்தை!

அதிகாரம் அடக்குவது மட்டுமல்ல, உள்ளே புகுந்து உற்பத்தியும் செய்ய வைக்கும் என்று ஃபூக்கோவை வைத்து எவ்வளவு பேசியிருக்கிறோம்! ஒப்புமையை ரொம்ப இழுக்கக் கூடாதுதான். பாக்டீரியாவுக்கு நோக்கம் கிடையாது. கம்பெனிக்கு உண்டு.

1983 வாக்கில் ஆய்வகங்கள் கழலை மரபணுக்களை நீக்கிவிட்டு, வேண்டிய மரபணுவை அதே குழாய் வழியே அனுப்பக் கற்றுக்கொண்டன. மான்சான்டோவின் முதல் பி.டி. பருத்தி அப்படிப் பிறந்ததுதான். ஓபைன் போச்சு, அந்த இடத்தில் ராயல்டி வந்து உட்கார்ந்தது. கரிசல்காட்டில் கம்பெனிக்கான சாப்பாடு விளைந்தது. 2016-ல் ராயல்டியை வெட்டிய அரசு 2020-ல் பூஜ்யமாக்கியது. ஆனால் இங்கே பி.டி. பெரும்பாலும் வீரிய ஒட்டு விதையாகவே வந்தது. மறு விதைப்பில் அதன் குணம் கலைந்துவிடும். வருஷா வருஷம் கடைக்குப் போகணும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது தந்த எஸ்.வி.பி.ஆர். ரகங்களில் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். விதையைச் சேமிக்கும் உரிமையை 2001-ன் உழவர் உரிமைச் சட்டமும் எழுதித் தந்திருக்கிறது. அந்த நிலையத்தைப் பற்றி அன்று ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை.

நாம் தின்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலேயே அக்ரோபாக்டீரியத்தின் மரபணுத் துண்டுகள் இருப்பதாக 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆக, குழாய் மீது குற்றமில்லை. உள்ளே போனது யாருக்காக உழைக்கிறது, அடுத்த வருஷ விதை யார் கையில்? அன்று மேடையில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். இனியாவது கேட்போம்.