கல்லாமொழி: மீஉளவியல் ஆய்வுகளில் மொழிச்சான்று

ராபர்ட்சன்பேட்டை கோலார் தங்கவயலின் கடைவீதி நகரம். அதனை அடுத்துள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், நிலமட்டத்திற்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1960களில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் இயற்பியல் ஆய்வுகள் நடத்தினர். விண்ணிலிருந்து ஓயாது பொழியும் அண்டக்கதிர்த் துகள்களின் நடுவே அரிதான ஒரு துகளைத் தேட இயலாது. ஆகவே பாறையையே திரையாகக் கொண்டனர். மிக ஆழமான நிலையில் வைக்கப்பட்ட கருவி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஒரு துகளையும் பதிவுசெய்யவில்லை. அந்த மௌனமே அவர்களுக்குப் பயன்பட்டது. பின்னணி அடங்கிய அவ்விடத்தில் 1965இல் இந்திய, சப்பானிய, பிரித்தானிய அறிவியலார் இணைந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டனர். மேலிருந்து வரும் துகள்கள் பெரும்பாலும் செங்குத்தாகவே அவ்வாழத்தை எட்டும். நியூட்ரினோவால் பாறையில் தோன்றும் துகள்களோ கிடைமட்டமாகவும் வரக்கூடும். எத்தகைய தடம் சான்றாகும் என்பது கருவியை அமைக்கும்போதே வரையறுக்கப்பட்டிருந்தது.

சுரங்கத்திற்கு மேலே, நகரின் நிலை வேறு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களின் தமிழ், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு, அரசு அலுவலகத்துக் கன்னடம், கடைத்தெருவின் உருது, சுரங்க நிருவாகமும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் விட்டுச்சென்ற ஆங்கிலம், இடையிடையே மலையாளம் என ஒரு குழந்தை தான் 'கற்காத' மொழிகளைக் கேட்டுக்கொண்டே வளர்கிறது. மொழிப் பின்னணியை மறைக்கும் பாறை அங்கு இல்லை. 'அவளுக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் ஆவி வந்தபோது தெலுங்கு பேசினாள்' என்பது போன்ற கூற்றை இத்தகைய நகரில் எவ்வாறு மதிப்பிடுவது? கற்காத மொழியை ஒருவர் பேசுவதாகக் கூறப்படும் நிகழ்ச்சிகளை அறிவியல் முறையில் ஆராய்ந்தோரின் வரலாறு இவ்வினாவுடன் நெருங்கிய தொடர்புடையது. அவ்வரலாற்றில் மொழியியலார் இடம்பெற்ற தருணங்கள் சிலவே. ஆயினும் அத்தருணங்களே பயன் மிக்கவை.

சொல்லும் பொருளும்

பிரெஞ்சு உடலியலறிஞர் ஷார்ல் ரிஷே (1913இல் நோபல் பரிசு பெற்றவர்) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிகழ்ச்சிக்குச் 'செனோகிளாசி' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'அயல்' என்றும் 'நாக்கு, மொழி' என்றும் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை அது. தமிழில் இதனை 'அந்நியபாஷை' எனப் பெயர்த்தால் இடர்ப்பாடு நேர்கிறது. தமிழ்க் கிறித்தவர் வழக்கில் அச்சொல் வழிபாட்டின் பரவசத்தில் எழும், எந்த மக்களினத்தின் மொழியுமல்லாத ஒலித்தொடருக்கும் வழங்குகிறது. வில்லியம் சமரின் 1972இல் வெளியிட்ட நூலில் அத்தகைய பேச்சை விரிவாக ஆராய்ந்து, அதன் ஒலிகள் பேசுவோரின் சொந்த மொழியொலிகளிலிருந்தே பெரும்பாலும் அமைகின்றன எனக் காட்டினார். அது மொழியெனும் உரிமை கோராத வரையில், பொய்யென நிறுவ அதில் எதுவும் இல்லை. செனோகிளாசியோ குறிப்பிட்ட ஓர் இயல்மொழியென உரிமை கோருகிறது, ஆகவே சோதிக்கத்தக்கது. இவ்வேறுபாட்டைக் காக்க, இக்கட்டுரை பின்னதைக் 'கல்லாமொழி' என்று குறிக்கிறது.

ரிஷே அறிவித்த நிகழ்ச்சியே மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு பாடமாகும். கிரேக்கம் அறியாத பெண்ணொருவர் கிரேக்கத் தொடர்களை எழுதினார். அவற்றுள் பெரும்பகுதி பைசாந்தியோஸ் தொகுத்த அகராதி ஒன்றில் எடுத்துக்காட்டுத் தொடர்களாக இருந்தமை கண்டறியப்பட்டது. அகராதி மொழியைத் தாங்கிநிற்கும். ஆனால் மொழியைப் பேசாது. எழுதியவர் அகராதியை ஏமாற்றும் நோக்குடன் பார்த்தாரா, என்றோ கண்ணிற்பட்டது நினைவின் அடியில் தங்கியதா என்பதில் ரிஷே முடிவுக்கு வரவில்லை. மொழியியல் நோக்கில் அவ்வினா இரண்டாம் நிலையினது. அப்பெண் கிரேக்க வாக்கியம் எதனையும் தாமாக ஆக்கினார் என்பதற்குச் சான்றில்லை என்பதே முதன்மையானது.

ஜெனீவாவில் ஒரு கனரா அரசி

இத்துறையில் மொழியியலின் பங்கு சிறப்பாக வெளிப்பட்ட நிகழ்ச்சி ஜெனீவாவில் நடந்தது. உளவியலறிஞர் தியோதோர் ஃபுளூர்னுவா 1894 முதல் ஓர் ஆவிநிலை ஊடகரை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கி, 1900ஆம் ஆண்டிட்ட தம் நூலில் விவரித்தார். 'எலேன் ஸ்மித்' என்பது நூலில் அவருக்கு இடப்பட்ட புனைபெயர். அவர் செவ்வாய்க்கோளின் மொழியைப் பேசினார், எழுதினார், மொழிபெயர்த்தும் தந்தார். ஃபுளூர்னுவா அதன் இலக்கணம் முழுதும் பிரெஞ்சின் இலக்கணமே எனக் காட்டினார். பிரெஞ்சு வினாத்தொடரில் வினைக்கும் பதிலிப் பெயருக்கும் இடையே ஓசை கருதித் தோன்றும் பொருளற்ற 't' ஒலிக்குக்கூடச் செவ்வாய் மொழியில் ஓர் ஒலி ஈடாக வைக்கப்பட்டிருந்தது. சொற்கள் புதியன, அவற்றைக் கோத்த நூல் பழையது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தலைக் கண்டிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

அதே ஊடகர் தம்மை முற்பிறவியில் சிமந்தினி என்றும், 1401இல் கனராவில் சந்திரகிரிக் கோட்டையைக் கட்டிய சிவ்ரூகா நாயகனின் மனைவி என்றும் கூறினார். அந்நிலையில் அவர் பேசியது சமஸ்கிருதம் போல் ஒலித்தது. அதனைக் கேட்டு ஆராய அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர், அப்போது ஜெனீவாவில் சமஸ்கிருதம் கற்பித்துவந்த ஃபெர்தினான் த சசூர். உண்மையான சமஸ்கிருதத் துணுக்குகள் அதிற் சில உண்டென்பதையும், எஞ்சியவை பொருள் கொள்ள இயலாதவை என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். சமஸ்கிருதத்தில் இல்லாத 'f' ஒலி அப்பேச்சிலும் இல்லை என்பது அவர் கண்ட நுட்பங்களுள் ஒன்று. பிரெஞ்சுப் பேச்சில் அவ்வொலி மிகுதியாக வருவது. அதைத் தவிர்த்தல் தற்செயலாக நிகழ்வது அரிது. விக்தோர் ஆன்றி 1901இல் இதற்குத் தந்த விளக்கம் சுவையானது. தாய்மொழியை விலக்க முயலும் மனம், 'பிரெஞ்சு' என்ற சொல்லின் முதலெழுத்தையே விலக்கியது என்பது அவர் கருத்து. அது ஊகமே. ஆயினும் ஒலியின் இன்மையும் சான்றாகக் கொள்ளத்தக்கது என்னும் முறையியல் அங்குத் தோன்றியது.

தமிழ்நாட்டிலோ கருநாடகத்திலோ உள்ள வாசகர் கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனராவில் வாழ்ந்த ஒரு பெண், அதிலும் கதையின்படி அரபு நாட்டிலிருந்து வந்தவள், அன்றாட வாழ்வில் ஏன் சமஸ்கிருதம் பேசவேண்டும்? கன்னடமோ துளுவோ அல்லவா அவள் காதில் விழுந்திருக்கும்? ஐரோப்பிய மனத்தில் 'இந்தியா' என்பதன் மொழி சமஸ்கிருதம். ஆகவே ஆவியும் அதையே பேசியது. நாயகன், கோட்டை, ஆண்டு ஆகிய மூன்றும் தெ மார்லே 1828இல் வெளியிட்ட இந்திய வரலாற்று நூலில் ஓரிடத்திலேயே இருப்பதை ஃபுளூர்னுவா கண்டெடுத்தார்.

நாகபுரியில் வங்காளம்

வர்ஜீனியாப் பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1974இலும் 1984இலும் கல்லாமொழி குறித்து இரு நூல்கள் வெளியிட்டார். மனப்பாடமாகச் சில தொடர்களைச் சொல்லுதல், வினாவுக்கேற்ப மறுமொழி கூறுதல் என அவர் இருவகை பிரித்தார். பின்னதே வலுவான சான்று என்பது அவர் நிலைப்பாடு. மொழியறிவு என்பது ஆக்கத்திறன் என்று கொள்ளும் எவரும் இதனை ஏற்பர். சிக்கல் அளவுகோலில்தான் தோன்றுகிறது. அறிதுயில் நிலையில் செருமன் பேசியதாகச் சொல்லப்பட்ட அமெரிக்கப் பெண்ணின் பதிவுகளை மொழியியலறிஞர் சாரா கிரே தாமசன் ஆராய்ந்தார். சொற்தொகை மிகச் சிறியது, ஒலிப்பு சீரற்றது, விடைகள் பெரும்பாலும் ஓரிரு சொற்கள். உறக்கத்திற்குப் பின் என்ன என்ற வினாவிற்குப் 'படுக்கையறை' எனப் பொருள்படும் சொல் விடையாக வந்தது. வினாவில் அறிந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அதன் அருகிலுள்ள மற்றொன்றைச் சொல்லுதல், புதிதாக மொழி கற்கும் மாணவர் எல்லாரும் செய்வதே. ஆம், இல்லை எனும் விடைகள் பாதிக்குப் பாதி தற்செயலாகவே பொருந்திவிடும்.

இரண்டாவது நிகழ்ச்சி இந்தியாவினது. அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. நாகபுரியைச் சேர்ந்த, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட, முதுகலைப் பட்டம் பெற்ற பெண்ணொருவர் 1974இல், முப்பத்திரண்டாம் வயதில், தம்மைச் சாரதா என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளப் பெண்ணாகக் கூறத் தொடங்கினார். அந்நிலை சில வேளைகளில் வாரக்கணக்கில் நீடித்தது. அப்போது அவர் மராத்தியைப் புரிந்துகொள்ளவில்லை; வங்காளம் பேசினார்; இரயில் போன்ற பிற்காலப் பொருள்களை அறியாதவராக நடந்துகொண்டார். ஸ்டீவன்சனும் பெங்களூர்த் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தைச் சார்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் ஆராய்ந்து 1980இல் முதற்கட்ட அறிக்கை வெளியிட்டனர். சாரதா கூறிய குடும்பப் பெயர்கள் சில வங்காளக் குடும்பம் ஒன்றின் தலைமுறைப் பட்டியலில் காணப்பட்டமை வரலாற்றுச் சான்று பற்றிய தனிச் சிக்கல். இங்கு எடுத்துக்கொள்ளத்தக்கது மொழி மட்டுமே.

நாகபுரியில் வங்காளிகள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். அப்பெண் பள்ளியில் சமஸ்கிருதம் பயின்றவர். இளமையில் வங்காள எழுத்துகளை ஓரளவு கற்றதையும் ஸ்டீவன்சனே குறிக்கிறார். இம்மூன்றும் சேர்ந்து சரளமான பேச்சைத் தரப் போதா என்பது அவர் வாதம். சாரதாவின் சொற்களில் ஆங்கிலக் கடன்சொற்கள் குறைவு, சமஸ்கிருதச் சொற்கள் மிகுதி. ஆகவே அது பழைய வங்காளம் என்பதும் அவ்வாதத்தின் ஒரு கூறு. ஆனால் சமஸ்கிருதம் கற்ற மராத்தியர் ஒருவர் தம் குறைந்த வங்காள அறிவை இட்டுநிரப்ப முயன்றாலும் இதே விளைவே கிட்டும். இரு மொழிக்கும் பொதுவான களஞ்சியம் தத்சமச் சொற்களே. இரண்டு கருதுகோள்களும் ஒரே விளைவை முன்னுரைக்குமாயின், அவ்விளைவு இரண்டில் எதற்கும் சான்றாகாது.

வேறு எங்குத் தேடியிருக்கவேண்டும்? மராத்தியில் மூன்று பால்கள் உண்டு. வங்காளத்தில் இலக்கணப் பால் இல்லை. மராத்தியில் இறந்தகால வினை செயப்படுபொருளோடு இயையும். வங்காளத்தில் எழுவாயோடு இயையும். வங்காளத்தில் எண்ணுப்பெயரோடு வரும் வகைகாட்டி ஒட்டுகள் மராத்தியில் அவ்வாறு வாரா. சமஸ்கிருதத்தின் அகரம் வங்காளத்தில் ஒகரச் சாயல் பெறும். ச, ஷ, ஸ என்பன பெரும்பாலும் ஒன்றாகும். கேள்வியால் மட்டும் அரைகுறையாகக் கற்ற மராத்தியர் இவ்விடங்களில் இடறுவார். வர்த்தமானில் பிறந்தவள் இடறாள். அன்றியும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கு இன்றைய வங்காளப் பேச்சிலிருந்து வினைவடிவங்களில் வேறுபட வேண்டும். கேட்ட வங்காளிகளின் கருத்து ஒன்றுபடவில்லை: சரளம் என்றனர் சிலர், அயலார் ஒலிப்பு என்றனர் சிலர். தாய்மொழியாளரின் செவி கூர்மையானதே. ஆனால் பரிவும் வியப்பும் அதனை எளிதில் மழுக்கும். முதியவர் ஒருவர் நம் மொழியில் நான்கு சொல் பேசினால் 'நன்றாகப் பேசுகிறார்' என்று மகிழாதவர் யார்? இந்நிகழ்ச்சிகள் கல்லாமொழியை நிறுவவில்லை என்பதே தாமசனின் முடிவு.

தெற்கே ஆய்வு வேறு வழியில் சென்றது. கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர், இலங்கைப் பணம் ஒரு இலட்சம் ரூபாய் வைத்து அறைகூவிய பட்டியலில், ஆவியாலோ மறுபிறப்பாலோ அறியாத மொழியைப் பேசிக்காட்டுதலும் ஒன்று. 1978இல் அவர் மறையும்வரை எவரும் பரிசு பெறவில்லை. பழைய கோலார் மாவட்டத்தில் பிறந்த இயற்பியலறிஞர் எச். நரசிம்மையா, பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1976இல் அமைத்த அற்புத ஆய்வுக்குழு மொழிப்பக்கம் செல்லவில்லை. அறைகூவல் மோசடியை வெளிப்படுத்தும். தம்மை அறியாமல் கற்றவரை அது பொய்யராக்கிவிடும்.

கேட்டதும் கற்றதும்

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையை முன்னரே உணர்த்தியவர் ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ். எழுத்தறியாச் செருமானியப் பணிப்பெண் காய்ச்சலில் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றைப் பிதற்றியதாகவும், அவள் சிறுமியாக வளர்ந்த வீட்டின் பாதிரியார் நூல்களை உரக்கப் படித்தபடி நடப்பவர் எனத் தெரிந்ததாகவும் அவர் 1817இல் எழுதினார். அது செவிவழிக் கதை. பிற்கால ஆய்வுகள் உறுதியானவை. இளமையில் ஸ்பானியத்தைக் கேட்க மட்டுமே செய்தவர்கள் பின்னர் அதனைக் கற்கையில் ஏனையோரினும் நன்கு ஒலிக்கின்றனர் என 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. கொரியாவில் பிறந்து கைக்குழந்தையாகவே நெதர்லாந்துக்குத் தத்தெடுக்கப்பட்டோர், கொரியச் சொல் ஒன்றும் அறியாதிருந்தும், அம்மொழியின் ஒலிகளை ஏனையோரினும் சிறப்பாகப் பயின்றதை 2017இல் மற்றோர் ஆய்வு நிறுவியது. 'எனக்கு அம்மொழி தெரியாது' என்பது முழு நேர்மையுடன் சொல்லப்பட்டும் முழு உண்மையாகாதிருக்கலாம்.

ராபர்ட்சன்பேட்டை போன்ற நகரில் இதன் பொருள் கடுமையானது. பேய்பிடித்ததாகக் கருதப்படும் பெண் வேற்றுமொழியில் பேசினால், அம்மொழியே பேயின் ஊரையும் சாதியையும் அடையாளங்காட்டும் சான்றாகிவிடுகிறது. அவளைப் பூசாரியிடம் சேர்ப்பதா மருத்துவரிடம் சேர்ப்பதா என்னும் முடிவும் அதனைச் சார்கிறது. அச்சான்றைத் தருவது வீட்டாரின் ஒற்றை வாக்குமூலம்: 'அவளுக்கு அது தெரியாது'. ஐந்து மொழி கேட்டு வளர்ந்தவளைப் பற்றி அவ்வாறு சொல்லத் தாயாலும் இயலாது.

எனவே அங்கு ஒரு நிகழ்ச்சியை ஆராயப் புகும் மொழியியலார்க்குப் பின்னணியை நீக்கும் வழியில்லை. அளக்கும் வழியே உண்டு. அவளுடன் அதே தெருவில் வளர்ந்த, அம்மொழி தெரியாது என்று சொல்லும் பத்துப் பேரை அழைத்து, அதே வினாக்களை அதே மொழியில் கேட்டு, எவ்வளவு தேறுகிறது எனக் குறிக்கவேண்டும். எந்த இலக்கணக்கூறு சான்றாகும் என்பதை முன்னரே எழுதிவைக்கவேண்டும். வினாவியவரின் சொற்களும் விடைகளோடு எழுத்துப்பெயர்ப்பில் இடம்பெறவேண்டும். தங்கவயலில் 1980களில் இயற்பியலார் சில தடங்களைப் புரோட்டான் சிதைவாக இருக்கக்கூடும் என அறிவித்தனர். அமெரிக்காவிலும் சப்பானிலும் இருந்த பெரிய கருவிகள் அதனை உறுதிசெய்யவில்லை. தடம் ஒவ்வொன்றையும், பின்னணியின் மதிப்பீட்டையும் அவர்கள் அச்சில் வைத்திருந்தமையாலேயே அவ்வொப்பீடு இயன்றது. அச்சோதனை 1992இல் முடிந்தது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. தெருக்களின் மொழிகள் இன்றும் முன்போலவே ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கின்றன.