யாருடைய படங்கள் ப்ளூ-ரேக்கு வந்து சேருகின்றன?

பழைய படங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் பலர் ஒரே படத்தை மூன்று நான்கு முறை காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். முதலில் வீடியோ கேசட், பிறகு விசிடி, பிறகு டிவிடி, இப்போது ப்ளூ-ரே. மனதுக்குப் பிடித்த படத்தைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்படுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அலமாரி மாறும் ஒவ்வொரு முறையும் சில படங்கள் புதிய தட்டில் ஏறிக்கொள்கின்றன, சில படங்கள் கீழேயே நின்றுவிடுகின்றன. ரசிகர்களின் விருப்பம்தான் இதைத் தீர்மானிக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தத் தீர்ப்பு பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் யார், யாருக்கு எதிராக எழுதினார்கள் என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் ஊர் டிவிடியில் ஒரு சட்டகம் 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம். மொத்தம் சுமார் 4 லட்சம் புள்ளிகள். ப்ளூ-ரேயில் 1920-க்கு 1080. அதாவது 20 லட்சத்துக்கும் மேல். ஐந்து மடங்கு. இந்தக் கூடுதல் விவரம் எங்கிருந்து வருகிறது? டிஸ்க் அதை உண்டாக்குவதில்லை. 35 எம்எம் ஃபிலிமில் அது ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும். ஒரிஜினல் நெகட்டிவோ நல்ல பிரிண்ட்டோ இருந்தால் அதை ஸ்கேன் செய்து எடுக்கலாம். வீடியோ டேப் மட்டுமே மிஞ்சியிருந்தால் அதை எத்தனை பெரிய டிஸ்க்கில் ஏற்றினாலும் டேப்பில் இருந்ததுதான் தெரியும்.

ஆக, ஒரு படம் புதிய வடிவத்துக்கு வருகிறதா இல்லையா என்பது, அதன் நெகட்டிவை யாராவது ஐம்பது, நூறு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார்களா என்பதைப் பொறுத்தது. பத்திரமாக வைத்திருக்கக் குளிரூட்டிய அறை வேண்டும், பணம் வேண்டும், உரிமைப் பத்திரம் வேண்டும், இது காப்பாற்றத் தகுந்தது என்று நினைக்கும் ஒரு நிறுவனமும் வேண்டும். இவையெல்லாம் யாரிடம் இருந்தன?

அமெரிக்காவின் கதையை எடுத்துக்கொள்வோம். அங்கே மௌனப் படக் காலத்தில் வெளியான 10,919 முழுநீளப் படங்களில் 14 சதவீதம்தான் அவற்றின் அசல் வடிவில் முழுமையாக எஞ்சியிருக்கின்றன என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அன்றைய ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது; எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே மட்கும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கி விற்றவர்களும் உண்டு. பணக்கார ஸ்டூடியோக்களின் படங்களுக்கே இந்தக் கதி. கறுப்பின மக்கள் கையில் காசில்லாமல் எடுத்த படங்கள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1915-இல் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ வெளிவந்தது. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை வெறிக் கும்பலை நாட்டைக் காத்த வீரர்களாகக் காட்டிய படம். வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின ஆண்களை வெள்ளைப் பெண்களை வேட்டையாடும் மிருகங்களாக நடித்துக் காட்டினார்கள். அதிபர் உட்ரோ வில்சன் அதை வெள்ளை மாளிகையில் திரையிட்டுப் பார்த்தார். அடங்கிக் கிடந்த கூ க்ளக்ஸ் க்ளான் அதே 1915-இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுன்டன் மலையில் மறுபடியும் தொடங்கப்பட்டது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி நகரம் நகரமாகப் போராடியும் படத்தை நிறுத்த முடியவில்லை.

இந்தப் படம் ஒருநாளும் காணாமல் போகவில்லை. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1930களிலேயே கிரிஃபித்தின் படங்களைச் சேகரித்துப் பாதுகாக்கத் தொடங்கிவிட்டது. சினிமா மொழியின் இலக்கணம் என்று திரைப்படப் பள்ளிகள் பாடம் நடத்தின. கேசட்டில் வந்தது, டிவிடியில் வந்தது, 2011-இல் ப்ளூ-ரேயிலும் வந்தது. அதைச் சேகரிப்பவர் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தடையில்லாமல் மாறிக்கொண்டே வரலாம்.

இப்போது அதற்குப் பதில் சொன்ன மனிதரின் கதையைப் பாருங்கள். ஆஸ்கர் மிஷோ, 1884-இல் இலினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை அடிமையாகப் பிறந்தவர். மிஷோ ரயில் பெட்டிகளில் போர்ட்டராக வேலை பார்த்தார், தெற்கு டக்கோட்டாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார், நாவல் எழுதி வீடு வீடாகப் போய் விற்றார். அவருடைய ‘தி ஹோம்ஸ்டெடர்’ நாவலைப் படமாக்க லிங்கன் மோஷன் பிக்சர் என்ற கறுப்பின நிறுவனம் கேட்டபோது, நானே இயக்குவேன் என்று நிபந்தனை போட்டார். அவர்கள் ஒப்புக்கொள்ளாததால் சொந்த நிறுவனம் தொடங்கி 1919-இல் தானே எடுத்தார். 1948 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். அந்த முதல் படமும் இன்று இல்லை, 1948-இல் வந்த கடைசிப் படமும் இல்லை. அவர் எடுத்த மௌனப் படங்களில் எஞ்சியவை மூன்றே மூன்று.

அந்த மூன்றில் ஒன்று 1920-இல் வந்த ‘விதின் அவர் கேட்ஸ்’. கிரிஃபித் படத்துக்கான பதிலாகவே வரலாற்றாசிரியர்கள் பலர் இதைப் பார்க்கிறார்கள். கதாநாயகி சில்வியா, கறுப்பினக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளியைக் காப்பாற்றப் பணம் திரட்ட வடக்கே போகிறாள். அவளுடைய கடந்த காலத்தைப் படம் பிற்பகுதியில் சொல்கிறது. அவளை வளர்த்த தந்தை ஒரு குத்தகை விவசாயி. மகள் படித்தவள் என்பதால் கணக்கை அவளே எழுதித் தருகிறாள். அந்தக் கணக்கோடு நிலக்கிழாரிடம் போகிறார் தந்தை. அந்த நேரத்தில் வேறொரு வெள்ளைக்காரன் ஜன்னல் வழியே நிலக்கிழாரைச் சுட்டுக் கொல்கிறான். பழி இவர்மீது விழுகிறது. கும்பல் கூடி அவரையும் அவர் மனைவியையும் தூக்கிலிட்டு எரிக்கிறது. அதே வேளையில் ஒரு வெள்ளைக்காரன் சில்வியாவைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். அவள் உடலிலுள்ள தழும்பைக் கண்ட பிறகே அவள் தன் சொந்த மகள் என்று அவனுக்குத் தெரிகிறது. வெள்ளைப் பெண்ணின் மானத்துக்கு ஆபத்து என்று கிரிஃபித் பரப்பிய பொய்யை மிஷோ அப்படியே திருப்பிப் போட்டார். யார் யாரைச் சூறையாடினார்கள் என்பதைத் திரையில் காட்டினார். கூலிக்கணக்கு கேட்டவனுக்கு என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள நம் மக்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

1919-இல் சிகாகோவில் இனக் கலவரம் நடந்து முடிந்திருந்த நேரம். இந்தப் படம் மறுபடியும் கலவரத்தைத் தூண்டும் என்று சொல்லித் தணிக்கைக்காரர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். கொலை செய்யும் கும்பலைப் போற்றும் படம் கலை; கொல்லப்படுபவர்கள் பக்கம் நின்ற படம் கலவரம். இந்த வாதத்தை நாமும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

பிறகு அந்தப் படம் காணாமல் போனது. எடுத்தவை சில பிரிண்ட்கள்தான். அவையும் ஊர் ஊராக ஓடி, ஒவ்வோர் ஊரிலும் வெட்டப்பட்டுத் தேய்ந்து போயின. பல பத்தாண்டுகள் கழித்து, 1970களின் பிற்பகுதியில், ஸ்பெயின் நாட்டு ஆவணக் காப்பகத்தில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் ஒரு பிரிண்ட் இருப்பது தெரியவந்தது. ‘கறுப்பினப் பெண்’ என்று பொருள். உலகத்தில் எஞ்சியிருந்த ஒரே பிரிண்ட். அதைக் கொண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993-இல் படத்தைச் சீரமைத்தது. வசன அட்டைகள் எல்லாம் ஸ்பானிய மொழியில் இருந்தன. ஆங்கில அட்டைகள் நான்கு மட்டுமே மிஞ்சியிருந்தன. எனவே ஸ்பானியத்திலிருந்து மறுபடியும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தன் சொந்த நாட்டில் ஒரு கறுப்பின எழுத்தாளரின் சொற்கள் அந்நிய மொழி வழியாகச் சுற்றித்தான் திரும்பி வர முடிந்தது. கூ க்ளக்ஸ் க்ளானை எதிர்த்து அவர் எடுத்த ‘தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்’ பெல்ஜியத்தில் கிடைத்தது. அதுவும் முழுமையாக இல்லை. மூன்றாவது, பால் ராப்சன் முதன்முதலில் திரையில் தோன்றிய ‘பாடி அண்ட் சோல்’, 1925.

இப்படிச் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி 2016-இல் கினோ லோர்பர் நிறுவனம் ‘பயனியர்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கன்-அமெரிக்கன் சினிமா’ என்ற தொகுப்பை வெளியிட்டது. ஐந்து ப்ளூ-ரே டிஸ்க்குகள். தொகுத்தவர்கள் சார்லஸ் மஸ்ஸர், ஜாக்குலின் ஸ்டூவர்ட் என்ற இரு பேராசிரியர்கள். செலவின் ஒரு பகுதி பொதுமக்களிடம் இணையம் வழியாகத் திரட்டிய நன்கொடை. மிஷோவின் மூன்று மௌனப் படங்களும் அதில் உள்ளன. ஸ்பென்சர் வில்லியம்ஸ் 1941-இல் எடுத்த ‘தி பிளட் ஆஃப் ஜீசஸ்’ இருக்கிறது. எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் தெற்கில் கள ஆய்வுக்குப் போனபோது எடுத்த காட்சிகளும் இருக்கின்றன.

இந்தத் தொகுப்பை வாங்குபவர் பளபளக்கும் படத்தை எதிர்பார்க்கக் கூடாது. கோடுகள் விழுந்திருக்கும், காட்சிகள் தாவும், சில இடங்களில் படமே இல்லாமல் எழுத்தால் கதை சொல்லப்படும். உயர்தர டிஸ்க் இந்தக் காயங்களை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. தரம் சரியில்லை என்று குறை சொல்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்: அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் புறக்கணிப்பின் சாட்சியம்.

பிரிண்ட் கையில் இருந்தாலும் வேறொரு பூட்டு உண்டு. சார்லஸ் பர்னெட் 1970களில் மாணவராக இருந்தபோது லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’, ஓர் இறைச்சிக்கூடத் தொழிலாளியின் வாழ்க்கை. செலவு 10,000 டாலருக்கும் குறைவு. பின்னணியில் அவர் பயன்படுத்திய பாடல்களுக்கு உரிமை வாங்கப் பணமில்லாததால் முப்பது ஆண்டுகள் முறையாக வெளியிட முடியவில்லை. 1990-இலேயே அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற படம் அது. ஆனாலும் 2007-இல்தான் திரையரங்குக்கும் டிவிடிக்கும் வந்தது. பாடல் உரிமைக்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் டாலர். எடுத்த செலவைப் போலப் பதினைந்து மடங்கு.

இது அமெரிக்கக் கதைதானே, நமக்கென்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். கறுப்பின மக்கள் ஐ.நா.விடம் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டு 1946-இல் பாபாசாகேப் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மராட்டிய இளைஞர்கள் தம் இயக்கத்துக்கு தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது நமக்குப் புதிதில்லை. அவர்களுக்கு ஸ்பெயினில் ஒரு பிரிண்ட்டாவது கிடைத்தது. நமக்கு என்ன கிடைத்தது?

மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ நினைவிருக்கிறதா? ஜே.சி. டேனியல் எடுத்தது. வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரு கருத்துகள் உண்டு. கதாநாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்தைச் சேர்ந்தவர். நாயர் பெண்ணாக ஒரு தலித் பெண் நடிப்பதா என்று ஆத்திரப்பட்ட ஆதிக்கச் சாதியினர் திருவனந்தபுரத்தில் கலவரம் செய்தார்கள். ரோசி ஊரைவிட்டே தப்பியோட நேர்ந்தது. அதன் பிறகு அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அந்தப் படமும் இன்று இல்லை. 2013-இல் டேனியலின் வாழ்க்கையை ‘செல்லுலாயிட்’ என்று படமாக எடுத்தார்கள். அதன் டிஸ்க்கை யாரும் வாங்கலாம். ஆனால் ரோசி நடித்த காட்சியை எந்த டிஸ்க்கிலும் எவராலும் பார்க்க முடியாது. 20 லட்சம் புள்ளிகள் இருந்து என்ன பயன், ஏற்றுவதற்கு ஒரு சட்டகம்கூட இல்லாதபோது?

எனவே பழைய படங்களைப் புதிய டிஸ்க்குகளுக்கு மாற்றும் நண்பர்களிடம் சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அலமாரியில் கிரிஃபித்துக்கு இடம் இருந்தால் பக்கத்தில் மிஷோவுக்கும் இடம் கொடுங்கள். ஆதிக்கத்தின் படங்களை அழிக்கச் சொல்லவில்லை. அவற்றைப் பதில் இல்லாமல் தனியாகப் பார்ப்பதுதான் ஆபத்து. 2020-இல் ‘கான் வித் தி விண்ட்’ படத்தை எச்பிஓ மேக்ஸ் தற்காலிகமாக நீக்கிவிட்டு, வரலாற்று விளக்கத்தோடு திரும்பக் கொண்டுவந்தது. அந்த விளக்கத்தைப் பேசியவர் இதே ஜாக்குலின் ஸ்டூவர்ட். சரியான வழி அது.

இரண்டாவது, இதைவிட அவசரமானது. மேற்சொன்ன தொகுப்பில் சாலமன் சர் ஜோன்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1924 முதல் 1928 வரை எடுத்த காட்சிகளும் இருக்கின்றன. ஓக்லஹோமாவின் கறுப்பின ஊர்களில் பள்ளி விடும் நேரம், தேவாலய வாசல், கடைத்தெரு, ஊர்வலம் என்று தன் மக்களின் அன்றாடத்தைச் சின்ன 16 எம்எம் கேமராவில் பிடித்துவைத்தார். இன்று அவை யேல் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றுள்ளன. அன்று அதை யாரும் சினிமா என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட காட்சிகள் நம் சேரிகளிலும் இருக்கின்றன. 1991 அம்பேத்கர் நூற்றாண்டு ஊர்வலங்கள், மாநாட்டு உரைகள், நிலமீட்புப் போராட்டங்கள், கலை இரவுகள், ஏன், கல்யாண வீடியோக்கள்கூட வி.எச்.எஸ் கேசட்டுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அந்த டேப்பில் பூஞ்சை பிடிக்கிறது, காந்தப் பூச்சு உதிர்கிறது. வி.எச்.எஸ் பிளேயரைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற பிளேயர் ஊரில் ஒன்று இருக்கும்போதே அவற்றை கம்ப்யூட்டருக்கு மாற்றி, இரண்டு மூன்று இடங்களில் நகல் வைத்து, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிவையுங்கள். மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். பிடித்த படத்தின் ப்ளூ-ரே அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும். அந்தக் கேசட்டில் பேசுகிற நம் தாத்தாவின் குரலுக்கு ஸ்பெயினில் இன்னொரு பிரிண்ட் இல்லை.