சுருதியும் மின்சாரமும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுப்பது தமிழ் மரபு. இவை யாவற்றுக்கும் பொதுவானதொரு பண்பு உண்டு. நாதசுரத்துக்கு மூச்சை ஈபவனும், வீணையின் நரம்பை மீட்டுபவனும், மிருதங்கத்தைத் தட்டுபவனும் வாசிப்பவனேயாவான். வாசிப்பவன் ஒருவனாகவும், கருவிக்கு வலுவை அளிப்பவன் வேறொருவனாகவும் இருக்கும் நிலை, கட்டைகளை அழுத்தி வாசிக்கும் ஓர்கனோடு வந்தது. அன்றுதொட்டு இன்றைய கீபோட் வரை, இத்தகைய கருவிகளை வாசிப்போரின் கவலை ஒன்றேயாகும். வலு இடையறாது, ஒரே சீராகக் கிடைக்குமா என்பதே அது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தெசிபியசு என்னும் பொறிவல்லுநரே ஓர்கனின் தந்தை எனக் கருதப்படுகிறார். காற்றை விசையால் அடிக்கும்போது அது விட்டுவிட்டு வரும், சுரமும் ஏறியிறங்கும். இதனைத் தவிர்க்க, நீர்த்தொட்டியினுள் கவிழ்த்து வைத்த பாத்திரமொன்றிற் காற்றைச் செலுத்தி, நீரின் பாரத்தால் அதன் அழுத்தம் குன்றாதவாறு அவர் செய்தார். ஆகவே, சீரற்ற வலுவைச் சீராக்கும் முயற்சியும் கட்டைகளையுடைய கருவியும் உடன்பிறந்தவை எனலாம்.

கி.பி. 757இல் பைசாந்தியப் பேரரசர் 5ஆம் கொன்சுதந்தைன், பிராங்கியரின் மன்னர் பெப்பினுக்கு ஓர்கன் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். பின்னர் அது மேலைநாட்டுத் தேவாலயங்களிற் குடிகொண்டது. 10ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் இருந்த ஓர்கனுக்கு 26 துருத்திகள் இருந்தன என்றும், 70 பேர் வியர்வை சிந்தி அவற்றை இயக்கினர் என்றும் உல்ப்ஸ்ரன் என்னும் துறவி பாடி வைத்தார். கவிஞர் கூற்றிற் சிறிது மிகை இருத்தலும் கூடும். எனினும், திரைமறைவில் உழைத்த துருத்திக்காரர் களைத்தால் இசையும் களைக்கும் என்பது மிகையன்று. இசைமேதை பாக், புதிய ஓர்கனைச் சோதிக்கும்போது எல்லாக் குழல்களையும் ஒருங்கே திறந்து முழக்கி, அதன் நுரையீரல் எத்தகையது என்பதையே முதலிற் பார்ப்பார் என அவர் மகன் எழுதியுள்ளார்.

1842இல் பிரான்சில் தெபேன் உரிமைப்பத்திரம் பெற்ற ஆர்மோனியம், காற்றையும் வாசிப்பையும் மீண்டும் ஒருவரிடமே ஒப்படைத்தது. கால் துருத்தியைக் கைத்துருத்தியாக்கிய வடிவம் கல்கத்தாவிலிருந்து பரவியதும், அது நம்மவரின் இசைநாடக மேடையில் ஏறியது. ஊரூராகச் செல்லும் குழுவினர் எங்குச் சென்றாலும் அதற்கான வலு அவர் கையிலேயே இருந்தது.

மின்சாரம் வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்கரான தாடியஸ் கேகில், மின்பிறப்பாக்கிகளைக்கொண்டே சுரங்களை உண்டாக்கும் தெல்கார்மோனியத்தை ஆக்கினார். 1906இல் அது நியூயோர்க்கில் இசைத்தது. தொலைபேசிக் கம்பி வழியே இசை பரவியது. அதன் நிறையோ ஏறத்தாழ 200 தொன். இக்கருவி நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் கருத்து நிலைத்தது. 1935இல் லோரன்ஸ் ஹமண்ட் வெளியிட்ட ஓர்கனில், பல்வேறு பற்களையுடைய சிறு சக்கரங்கள் காந்தங்களின் அருகே சுழன்று சுரங்களைப் பிறப்பித்தன.

ஹமண்ட், மின்கடிகாரம் செய்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. மின்கடிகாரம் மின்னோட்டத்தின் மீடிறனைப் பின்பற்றி ஓடுவது. அதாவது, ஆடலோட்டம் ஒரு செக்கனில் எத்தனை முறை அலைகிறதோ அதற்கேற்பவே அதன் மோட்டர் சுழலும். அதே வகை மோட்டரையே அவர் ஓர்கனிலும் அமைத்தார். நாட்டின் மின்நிலையமே சுருதிப்பெட்டியாயிற்று! அமெரிக்காவின் மீடிறன் 60, இலங்கையினது 50. அமெரிக்காவுக்கெனச் செய்த ஹமண்டை இங்குக் கொணர்ந்து, 230 வோல்ற்றை 120 ஆக்கும் மின்மாற்றியையும் இணைத்தால் போதுமென எண்ணுவோர் ஏமாறுவர். மின்மாற்றி அழுத்தத்தை மாற்றுமேயன்றி மீடிறனை மாற்றாது. எனவே சுரங்கள் அனைத்தும் ஆறில் ஐந்தாகக் குறையும். சாதாரண காந்தாரத்துக்குரிய கட்டையை அழுத்தினால் சட்சமே ஒலிக்கும். யப்பானில் இவ்வேறுபாடு ஒரே நாட்டினுள்ளே உண்டு. 1895இல் தோக்கியோ செர்மானிய இயந்திரத்தையும், 1896இல் ஒசாக்கா அமெரிக்க இயந்திரத்தையும் வாங்கியமையால், கிழக்கே 50உம் மேற்கே 60உம் வழங்குகின்றன.

நிலையான மின்சாரம் உள்ள நகரில் ஹமண்டின் சுருதி மலைபோல் அசையாது. திறந்தவெளி மேடையில் மின்பிறப்பாக்கியை நம்பும்போதே இடர் தோன்றும். விளக்குகள் அனைத்தும் ஒருங்கே எரிந்தால் இயந்திரத்தின் வேகம் தளரும், மீடிறன் தாழும், அதனோடு சுருதியும் தாழும். பாடகர் தம்மீது ஐயுறுவார். பிழையோ எண்ணெயெரியும் இயந்திரத்தில் இருக்கும்.

1983இல் யமகா டீஎக்ஸ்7 வெளிவந்தபின் இலக்கமுறைக் கருவிகள் பெருகின. அவற்றின் சுருதியைக் காப்பது உள்ளிருக்கும் படிகம்; மின்சாரம் தளர்ந்தாலும் சுரம் பிசகாது. ஆனால் வேறொரு நலிவு புகுந்தது. ஹமண்டில் மின்சாரம் தடைப்பட்டால் ஒலி மெல்லத் தேய்ந்து இறங்கும். இலக்கமுறைக் கருவியோ ஒரு கணத் தடையிலும் ஊமையாகும். மின்சாரம் மீண்டாலும், தொடக்கத்திலிருந்து விழித்தெழச் சில வேளை நெடுநேரம் எடுக்கும். சிறிய கருவிகளின் வலு, வெளியே தொங்கும் சிறு மின்வழங்கியைச் சார்ந்தது. அதன் செருகியின் நடுமுனை ஒரு கருவிக்கு நேர்முனையாகவும் பிறிதொன்றுக்கு எதிர்முனையாகவும் இருப்பதால், மாற்றிச் செருகினால் கருவியே பழுதுபடலாம்.

மின்சாரம் என்றும் உளது எனக் கொள்ளலாகாது என்பதை இலங்கைத் தமிழர் பட்டறிவால் உணர்ந்தவர். 1990களின் முற்பகுதியில், போர் காரணமாக யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது, மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்தன. அக்காலத்தில் மக்கள் சைக்கிள் மிதியைச் சுழற்றி, அதன் தைனமோவினால் வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்க மற்றவர் கேட்ட அக்காட்சியில், தேவாலயத் துருத்திக்காரர் மீண்டும் தோன்றினர் என்றே சொல்லலாம். 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டபோது, அவ்வுணர்வு எல்லோர்க்கும் பொதுவாயிற்று.

ஆகவே, ஊரூராகச் சென்று வாசிக்கும் இன்றைய கலைஞர் கைக்கொள்ளும் முறைகள் அற்பமானவை அல்ல. மேடை ஏறுமுன் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தல், விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் வெவ்வேறு இணைப்புக் கோருதல், உரிய மின்வழங்கியில் மற்றொன்றைப் பையில் வைத்திருத்தல், தடையின்போது வலு தரும் மின்கலத்தை உடன்கொண்டு செல்லுதல் ஆகிய யாவும் பாக் கையாண்ட சோதனையின் வழித்தோன்றல்களே. தெசிபியசு நீரைக்கொண்டு செய்ததையே இவர்கள் மின்கலத்தைக்கொண்டு செய்கின்றனர். விரலின் திறமை கேட்போர் செவிக்கு எட்டும். அவ்விரலுக்குப் பின்னால் நிற்கும் வலுவைப் பேணுவோரின் உழைப்போ எட்டுவதில்லை. எனினும், அவ்வுழைப்பும் இசைக்கலையின் ஓர் அங்கமே என்பதை இரண்டாயிரம் ஆண்டு வரலாறு தெளிவாக எடுத்துரைக்கின்றது.