தர வட்டம்

தர வட்டம்: ஒரே தொழிலிடத்தில் ஒரே வகை வேலையைச் செய்யும் தொழிலாளர் சிலர் தாமாக விரும்பிச் சிறு குழுவாகக் கூடி, தம் வேலையில் நேரும் குறைகளின் காரணங்களை ஆராய்ந்து, பரிகாரம் வகுத்து, அதை நிர்வாகத்துக்கு எடுத்துரைத்து, அனுமதி பெற்றபின் தாமே நடைமுறைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. தொழிற்சாலைகளில் ‘குவாலிட்டி சர்க்கிள்’ என்றும், சுருக்கமாக ‘கியூ.சி.’ என்றும் வழங்கும். இக்கட்டுரை பெரும்பாலும் பெங்களூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றியது.

தோற்றம்

யுத்தத்தில் நலிந்த ஜப்பானில் 1950-இல் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1954-இல் ஜோசப் ஜுரானும் நிகழ்த்திய சொற்பொழிவுகள், பொருளின் தரத்தைப் புள்ளியியலால் காக்கும் முறையைப் பொறியாளரிடையே பரப்பின. அம்முறையைப் பொறியாளர் மேசையிலிருந்து பட்டறைத் தளத்துக்கு இறக்கியவர் பேராசிரியர் கவோரு இஷிகாவா. 1962-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் பட்டறை மேஸ்திரிகளுக்கென ஒரு பத்திரிகையைத் தொடங்க, அதைக் கூடிப் படிப்பதற்காக அமைந்த குழுக்களே முதல் வட்டங்களாயின. வட்டத்தின் மூலவர் டெமிங்கா இஷிகாவாவா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. குறைகளின் காரணங்களைக் காட்டும் இஷிகாவாவின் மீன்முள் வரைபடம் 1943-இல் பிறந்தது என்பர் ஒரு சாரார். 1960-களில்தான் அது பிரபலமாயிற்று என்பர் மறுசாரார்.

இந்தியாவில் முன்னோடி முயற்சிகள்

புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பின்பேரில், புள்ளியியல் தரக்கட்டுப்பாட்டின் முன்னோடியான வால்டர் ஷூவர்ட் 1947-48-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். தொழிலாளரும் நிர்வாகமும் சமமாக அமரும் தொழிற்சாலைக் குழுக்களுக்கு 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இடமளித்தது; 1975-இல் பட்டறை மன்றத் திட்டம் வந்தது; 1976-இல் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பைக் கூறும் 43-அ பிரிவு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இக்குழுக்களையும் மன்றங்களையும் தர வட்டத்தின் முன்னோடிகளாகக் கொள்ளலாமா என்பது விவாதத்துக்குரியது. அவை சட்டத்தாலும் திட்டத்தாலும் அமைந்தவை, வட்டமோ விருப்பத்தால் அமைவது.

பொதுத்துறையில் வட்டங்கள்

இந்தியாவின் முதல் தர வட்டம் 1980-இல் ஹைதராபாதை அடுத்த ராமச்சந்திரபுரத்துப் பாரத மிகுமின் நிறுவனத்தில் தொடங்கியதாகப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. அதற்குக் காரணரான எஸ்.ஆர்.உடுப்பா, 1982-இல் இந்தியத் தர வட்டக் கழகத்தைச் செகந்திராபாதில் நிறுவினார். உற்பத்திப் பெருக்கத்தைவிடத் தொழிலாளியின் சுயமரியாதையையும் பரஸ்பர முன்னேற்றத்தையுமே முதன்மையாகக் கருதிய அவருடைய நோக்கு, இந்திய வட்டங்களுக்கு ஒரு தனித்தன்மையை அளித்தது.

அதே காலத்தில் பெங்களூரின் சூழ்நிலை கொந்தளிப்பானது. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை (1940), இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை (1948), இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (1953), பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (1954), பாரத் எர்த் மூவர்ஸ் (1964) ஆகிய பொதுத்துறை ஸ்தாபனங்களின் தொழிலாளர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், 1980 டிசம்பர் இறுதி முதல் 1981 மார்ச் வரை 77 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது பாரத மிகுமின் நிறுவனத்தாருக்கு இணையான ஊதியம். எந்த நிறுவனத்தில் முதல் வட்டம் கூடிற்றோ, அதே நிறுவனத்தை அளவுகோலாகக் கொண்டே இப்போராட்டம் நிகழ்ந்தது. இதன் பின்னரான ஆண்டுகளில் இந்நகரத்துப் பொதுத்துறை ஆலைகளில் வட்டங்கள் பரவின. வேலைநிறுத்தத்தின் கசப்பு அப்பரவலுக்குத் தூண்டுதலாயிற்றா தடையாயிற்றா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை.

வட்டத்தின் அமைப்பு எளியது. ஆறு முதல் பன்னிரண்டு பேர்வரை உறுப்பினர்; அவர்களுள் ஒருவர் தலைவர், ஒருவர் துணைத் தலைவர்; வழிகாட்ட ஓர் அதிகாரி; எல்லா வட்டங்களுக்கும் மேலே ஒரு வழிநடத்தும் குழு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுவது வழக்கம். முதலில் குறைகளைப் பட்டியலிடுவர். பரேட்டோ வரைபடத்தால் அவற்றுள் முக்கியமான சிலவற்றைப் பிரித்தெடுப்பர். பிறகு காரணத்தை நாடுவர். சரியாகப் பற்றாத சால்டரிங், தரையில் கசியும் எண்ணெய், வேண்டும்போது கைக்கு அகப்படாத ஸ்பானர் போன்ற சிறு விஷயங்களே பெரும்பாலும் ஆராய்ச்சிப் பொருளாகும். சிறியவை எனினும், அன்றாடம் அவற்றோடு மல்லாடுகிறவனுக்கு அவை சிறியவை அல்ல.

காரணம் நாடுவதற்கு உதவும் மீன்முள் வரைபடம் இங்கே பிரத்தியேகமாகக் குறிக்கத்தக்கது. மீனின் தலையில் குறையை எழுதி, நடு எலும்பிலிருந்து மனிதர், இயந்திரம், மூலப்பொருள், வேலைமுறை என நான்கு முட்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காரணங்களைச் சிறு முட்களாக வரைவர். கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் இருந்தால் போதும். தவறு செய்தவர் யார் என்ற வினாவுக்கு இப்படத்தில் இடமில்லை. மனிதர் என்பது நான்கு முட்களுள் ஒன்றே. கன்னடமும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் உருதுவும் ஒருங்கே ஒலிக்கும் பெங்களூர்ப் பட்டறைகளில், எல்லோருக்கும் பொதுவான எழுத்தாக இம்மீன் அமைந்தது எனலாம். வட்டத்துக்குப் பெயர் சூட்டும் உரிமையும் உறுப்பினருக்கே உரியது. அப்பெயரைச் சூட்டுவதில் அவர்கள் காட்டும் அக்கறை, பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பெற்றோரின் அக்கறைக்குக் குறைந்ததன்று.

தனியார் துறையில்

1990-களின் தாராளமயத்துக்குப்பின் தனியார் ஆலைகள் முழுமைத் தர மேலாண்மையின் ஓர் அங்கமாக வட்டத்தை ஏற்றன. சென்னைப் பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-இல் இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது. பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் அப்பரிசைப் பெற்றது. பிடதியில் 1999 இறுதியில் உற்பத்தியைத் தொடங்கிய டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலை, ஜப்பானிய மரபை நேரே கொணர்ந்தது.

மதிப்பீடு

வட்டம் தொழிலாளியின் அறிவுக்குக் கிடைத்த அங்கீகாரம் என்பது ஒரு தரப்பு; ஊதியம் கூட்டாமல் உழைப்பைக் கூட்டும் உபாயம் என்பது தொழிற்சங்கத்தார் சிலரின் தரப்பு. இரண்டுக்கும் சான்றுகள் காட்டப்படுகின்றன. எண்ணிக்கைக்காகக் கட்டளையிட்டு அமைத்த வட்டங்கள் காகிதத்தில் மட்டுமே வாழ்ந்தன என்பதை இரு தரப்பாரும் ஒப்புவர்.

அண்மைக் காலம்

பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களுள் விப்ரோ, குறைகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையையும், 2004 முதல் வீணாவதைக் குறைக்கும் லீன் முறையையும் கைக்கொண்டது. பொதுத்துறையிலோ, இந்துஸ்தான் மெஷின் டூல்ஸின் (எச்.எம்.டி.) கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. எனினும் இந்தியத் தர வட்டக் கழகத்தின் பெங்களூர்க் கிளை இன்றும் இயங்கிவருகிறது. கழகத்தின் மாநாடுகளில் தாம் தீர்த்த குறையையும் தீர்த்த வழியையும் மேடையேறி எடுத்துரைப்போர், அதைத் தீர்த்த வட்டத்தின் உறுப்பினர்களே.