ஒரு பிடி அரிசி



மிசோரம் மலைநாட்டில் மிஷனரிகள் தங்கி ஊழியஞ்செய்யத் தொடங்கியது 1894-ஆம் ஆண்டில். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1910-இல், ஐசாலின் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் புதிய காணிக்கை முறை ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் பணப்புழக்கம் குறைவு, இருந்தது அரிசியே. ஆகவே, உலை வைக்கும் வேளைதோறும் ஒரு பிடி அரிசியை எடுத்து, கர்த்தருக்கென்று தனிப் பாத்திரத்தில் இட்டுவைத்தார்கள். அது வீடு வீடாகச் சேகரிக்கப்பட்டு, விற்கப்பட்டு, சபை ஊழியத்துக்குப் பணமாயிற்று.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1911-இல் மூங்கில்கள் பூத்தன. எலிகள் பெருகி விளைச்சலைத் தின்றழித்தன. ‘மௌதாம்’ என்னும் பஞ்சம் நாட்டை வாட்டியது. ஆயினும் பிடியரிசி வழக்கம் அந்தப் பஞ்சத்தோடு அழிந்துபோகவில்லை. நூறாண்டுகள் கடந்தும் அது நிலைத்து, அருட்பணியாளர்களைத் தாங்கிவருகிறது.

அந்தப் பிடி, உண்டபின் மிஞ்சியதன்று. உலையில் இடுமுன் எடுக்கப்பட்டது. பஞ்சகாலத்தில், பானையில் எஞ்சிய ஒருபிடி மாவிலிருந்து எலியாவுக்கு முதலாவது அடைசுட்ட சாறிபாத் விதவையும் அவ்வாறே செய்தாள்.

ஊழியர் சம்பளம், ஆலயப் பராமரிப்பு, ஞாயிறு பள்ளி, ஏழைகளுக்கான உதவி ஆகிய யாவும் நம் சந்தாவாலும் காணிக்கையாலுமே நடைபெறுகின்றன. மாதக் கடைசியில் மிஞ்சுவதையா, மாத முதலிலேயே பிரித்தெடுப்பதையா நாம் படைக்கிறோம்? தொகை சிறிதாயிருக்கலாம், அது முதற்பிடியாய் இருக்கட்டும்.

கர்த்தர்தாமே நம் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.