கொள்ளைநோயும் பொய் மருந்தும்

1665ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் பற்றியது. நோய் புகுந்த வீட்டுக் கதவில் செஞ்சிலுவை தீட்டி, உள்ளிருந்தோர் வெளிவராதவாறு காவல் வைத்தனர். நகரின் இறப்புப் பட்டியல்கள் அவ்வாண்டில் இந்நோய்க்கு இரையானோராகக் காட்டும் தொகை 68,596. உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பர் வரலாற்றாசிரியர்.

செல்வர் ஊரைவிட்டு அகன்றனர். மருத்துவர் பலரும் அவர் பின்னே சென்றனர். வெற்றிடத்தில் புகுந்தோர் போலி மருத்துவர். தவறாத மாத்திரை, கைகண்ட குடிநீர் என்று தெருக் கம்பமெல்லாம் விளம்பரம். எழுத்துகளை முக்கோணமாக அடுக்கிய தாயத்துகளும் விலைபோயின. கற்றோரும் இதற்கு விலக்கல்லர். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீஸ், ஜூன் 7 அன்று செஞ்சிலுவைக் கதவுகளைக் கண்டு அஞ்சி, முகரவும் மெல்லவும் புகையிலை வாங்கினார்.

இக்காலத்தைப் பின்னாளில் புனைகதையாக்கியவர் டேனியல் டீஃபோ. நோய்க்காலத்தில் அவர் ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவர். நூல் வெளிவந்ததோ 1722இல். அதில் ஒரு காட்சி. ஏழையருக்கு இலவசம் என்று விளம்பரம் செய்த ஒருவனிடம் ஏழைப் பெண் ஒருத்தி செல்கிறாள். அறிவுரைதான் இலவசம், மருந்துக்கு விலையுண்டு என்கிறான் அவன். தன் மருந்தை வாங்கு என்பதே அந்த அறிவுரை! அவள் அழவில்லை; அவன் வாயிலில் நின்று, வருவோர்க்கெல்லாம் அதனை எடுத்துச் சொல்கிறாள். வாணிகம் கெடுவது கண்டு அவன் அவளை அழைத்து மருந்தை இலவசமாகவே தருகிறான். அம்மருந்தும் பயனற்றதாகவே இருந்திருக்கலாம் என்கிறார் டீஃபோ. நடந்ததோ, புனைந்ததோ, அக்காலத்து அங்காடியின் முகம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

பிழை அங்காடியோடு நிற்கவில்லை. நாய்களையும் பூனைகளையும் கொல்லுமாறு நகர ஆட்சியே ஆணையிட்டது. நோயின் நுண்ணுயிரை 1894இல் ஹாங்காங்கில் எர்சின் கண்டறிந்த பின்னர், 1898இல் கராச்சியில் சிமோன் எலித் தெள்ளின் பங்கை மெய்ப்பித்தார். எலியைப் பிடிக்கும் பூனையைக் கொன்றது எத்தகைய பேதைமை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஓடாமல் நின்ற மருத்துவருள் ஒருவர் நத்தானியேல் ஹாட்ஜஸ். ஒற்றைக்கொம்பு விலங்கின் கொம்பெனப் பெருவிலைக்கு விற்றதையும், விலங்கு வயிற்றுக் கல்லையும், உலர்த்திய தேரையையும் ஆராய்ந்து, பயனற்றவை என்றார். மதுவின்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அவரும் அக்காலத்து மனிதரே. தம் பட்டறிவை இலத்தீன் மொழியில் எழுதி 1672இல் வெளியிட்டார். 1688இல் கடனாளியாக இலட்கேட் சிறையில் அவர் உயிர் பிரிந்தது.