லைஃப் டிவைன்: முதல் நான்கு இயல்களுக்கு ஓர் உரை

புதுச்சேரியிலும் கடலூரிலும் பல வீடுகளில் ஸ்ரீ அரவிந்தரின் இந்த நூல் பூஜை அறையில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரம அன்னையின் படத்துக்குக் கீழே வைத்து, தினம் ஒரு பக்கம் படித்து, பூ வைத்து மூடிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத் தத்துவத் துறைகளில் இதே நூல் நூலக அடுக்கில் நிற்கிறது. பாடத்திட்டத்தில் ஒரு பத்தியோடு முடிந்துபோகிறது. இரண்டு இடத்திலும் அதோடு யாரும் வாதாடுவதில்லை. வாதாடச் சொல்லி எழுதப்பட்ட நூலுக்கு இந்த நிலை வந்திருப்பது எனக்கு வருத்தம். அதனால்தான் இந்த உரை.

ஸ்ரீ அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்தது 1910 ஏப்ரல் 4. நான்கு ஆண்டு கழித்து, 1914 ஆகஸ்ட் 15 அன்று 'ஆர்யா' மாத இதழ் தொடங்கியது. அதில் 1919 ஜனவரி வரை தொடராக வந்ததே லைஃப் டிவைன். பிறகு அவரே திருத்தி, விரித்து, 1939–40இல் நூலாக்கினார். மொத்தம் 56 இயல்கள். தான் தத்துவவாதி அல்ல, யோகத்தில் கண்டதை அறிவின் மொழியில் எழுதினேன் என்று பின்னாளில் அவர் சொன்னதுண்டு. 'ஆசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டார், இது தத்துவம் இல்லை' என்பவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கிருந்து கிடைத்தது என்பதும், கிடைத்ததற்கு நியாயம் சொல்ல முடிகிறதா என்பதும் வேறு வேறு கேள்விகள். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

முதல் இயல்: மனித வேட்கை

கருத்து இது. மனிதன் தொடக்கம் முதலே முழுமையையும் சாவின்மையையும் தேடுகிறான். அவனுடைய அன்றாட வாழ்க்கையோ அதற்கு நேர் எதிராக இருக்கிறது. எதிராக இருப்பதாலேயே தேடல் பொய்யாகிவிடாது என்கிறார் அரவிந்தர். இயற்கை எப்போதும் ஒட்டாதவற்றை ஒட்டவைத்தே வளர்ந்திருக்கிறது; சடப்பொருளில் உயிர் வந்தது, உயிரில் மனம் வந்தது. அப்படியானால் மனத்தோடு நின்றுவிட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இந்த வாதத்தின் அச்சாணி ஒரே ஒரு கூற்று: உள்ளே முன்பே ஒடுங்கியிராதது வெளியே விரியாது. இது நமக்குப் புதிதல்ல. எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் செக்கில் எண்ணெய் வருகிறது, மணலில் வராது என்று சாங்கியர் சொன்னார்கள். சைவ சித்தாந்தமும் இந்தச் சற்காரிய வாதத்தை ஏற்கிறது.

தடை: நியாய மரபினர் இதை அன்றே மறுத்தார்கள். குடம் மண்ணில் முன்பே இல்லை, குயவன் வனைந்த பிறகே அது புதிதாக உண்டாகிறது என்பது அவர்கள் கட்சி. அரவிந்தர் எழுதிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி பிரிட்டனில் சிந்தனையாளர்கள் சாமுவேல் அலெக்சாண்டரும் லாயிட் மார்கனும், முன்பு இல்லாத பண்பு சேர்க்கையால் புதிதாகத் தோன்ற முடியும் என்று வாதிட்டார்கள். ஈரம் ஹைட்ரஜனிலும் இல்லை, ஆக்சிஜனிலும் இல்லை. தண்ணீரில் இருக்கிறது.

விடையாக என்ன சொல்லலாம்? ஈரம் வெளியிலிருந்து பார்க்கக்கூடிய பண்பு, உணர்வு அப்படிப்பட்டதல்ல என்று அரவிந்தர் தரப்பில் வாதிட இடமுண்டு. இன்றைய மனத்தத்துவத்திலும் இந்த வழக்கு தீரவில்லை. ஆகவே இந்த இயல் வகுப்பறைக்கு உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டார்வினின் பரிணாமத்துக்கு இலக்கு கிடையாது. அரவிந்தரின் பரிணாமம் இலக்கை நோக்கிய ஏற்றம். சொல் ஒன்றாக இருப்பதால் 'அறிவியலே நிரூபித்துவிட்டது' என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த நூலுக்குத் தீங்கு செய்கிறார்கள்.

இரண்டாம் இயல்: பொருள்முதல்வாதியின் மறுப்பு

இங்கே நான் எதிர்பார்த்தது கண்டனம். கிடைத்தது நன்றி. பகுத்தறிவுக் காலம் மனித அறிவைக் கறாராகப் பழக்கியது, அந்தப் பழக்கம் இல்லாமல் ஆன்மிகத்துக்குள் போனால் மூடநம்பிக்கைதான் மிஞ்சும் என்று அரவிந்தர் ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகே குறையைச் சுட்டுகிறார். புலன் காட்டுவது மட்டுமே மெய் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அந்த முடிவைப் புலன் காட்டவில்லையே. சுருக்கமான, நேர்மையான வாதம். இதை முறியடிக்க நினைப்பவரும் நின்று யோசித்தாக வேண்டும்.

மூன்றாம் இயல்: துறவியின் மறுப்பு

எனக்கு மிகவும் சிக்கலான இயல் இது. உலகம் பொய் என்று ஒதுக்கும் துறவியின் மறுப்பு, பொருள்முதல்வாதியின் மறுப்பைவிட முழுமையானது, ஆபத்தானது என்கிறார் அரவிந்தர். அவர் வெளியே நின்று பேசவில்லை. 1908 தொடக்கத்தில் பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற யோகியின் வழிகாட்டலில் மூன்று நாள் அமர்ந்தபோது, உலகமே பொருளற்ற நிழலாகத் தோன்றிய நிலை அவருக்கு வாய்த்தது. அதைத் தொட்டுவிட்டு, இது முடிவல்ல என்று சொல்பவரின் குரல் இந்தப் பக்கங்களில் கேட்கிறது.

ஆனால் பௌத்தத்துக்குப் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தியாவின் மீது துறவின் நிழல் விழுந்துகிடக்கிறது என்ற அவர் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்தில்தான் திருக்குறள் இல்லறத்தை அறத்தின் நடுவில் வைத்தது. சோழர்கள் கோயிலும் ஏரியும் கட்டினார்கள். கப்பல்கள் கடல் கடந்தன. ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்தில் தந்து ஆர்யாவில் வெளியிட்டவர் அரவிந்தர். பாரதி அருகில் இருந்த காலம் அது. ஆழ்வார்களின் உலகம் நிழலில் கிடந்த உலகம் அல்ல என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அத்வைதிகளின் தடை இன்னும் கூர்மையானது. உலகம் மாயை என்னும் சங்கரரின் மாயாவாதத்தை அரவிந்தர் உண்மையில் முறியடித்தாரா என்று இந்தியத் தத்துவக் காங்கிரஸில் 1950இல் ஒரு கருத்தரங்கே நடந்தது. தத்துவ அறிஞர்கள் இந்திர சென், ஹரிதாஸ் சௌத்ரி, நிகம், மல்கானி பங்குகொண்டார்கள். மாயை என்றால் 'இல்லாதது' என்று சங்கரர் சொல்லவில்லை. உள்ளது என்றோ இல்லது என்றோ சொல்ல முடியாதது என்றார். இல்லாததை மறுத்தவர் சங்கரரை மறுத்தவர் ஆகமாட்டார் என்பது அத்வைதத் தரப்பின் நிலை. அரவிந்தர் பிற்பகுதியில் இந்த 'சொல்ல முடியாமை'யையும் எடுத்து விசாரிக்கிறார் என்பதால் வழக்கு அங்கேயும் முடியவில்லை.

நான்காம் இயல்: எங்கும் நிறைந்த மெய்ப்பொருள்

இரு மறுப்புகளையும் ஒரே பொருளின் இரு பக்கமாக இங்கே இணைக்கிறார். சடமும் பிரம்மம், அசைவின்மையும் பிரம்மம். இந்த இடத்தில் வாதத்தின் கை தளர்ந்து அனுபவத்தின் கை ஓங்குகிறது. பதினான்காம் இயலில் மனத்தைக் கடந்த அதிமானசம் வரும்போது ஏறக்குறைய முழுவதும் யோக அனுபவத்தின் சாட்சியம்தான்.

சாட்சியம் தத்துவத்தில் செல்லுமா? மேற்கத்தியப் பேராசிரியர்கள் கிளப்பிய கேள்வி என்று நம்மவர்கள் கோபப்படுகிறார்கள். நம் அளவை நூல்கள் இதை அவர்களுக்கு முன்பே கிளப்பிவிட்டன. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் காட்சியை, அதாவது நேரடி அறிதலை, நான்காகப் பிரித்து, யோகக் காட்சியை அதில் ஒன்றாக வைக்கிறது. மீமாம்சகரான குமாரில பட்டரோ யோகக் காட்சியை ஏற்கவில்லை. புத்தரும் கபிலரும் முரண்படும்போது யார் கண்டது மெய் என்று மீமாம்சகர்கள் கேட்டார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பிலிப்ஸ் 1986இல் வந்த தம் நூலில், அரவிந்தரின் பிரம்மக் கொள்கைக்கு யோக அனுபவம் சான்றாகுமா என்று ஆராய்ந்ததும் இந்த வரிசையில்தான் வருகிறது.

அரவிந்தரின் விடை: விரிந்த அனுபவம் குறுகியதைத் தனக்குள் அடக்கும். என் தடை: எது விரிந்தது என்று யார் தீர்ப்பது? அத்வைதியும் தன் அனுபவமே மற்றதை அடக்கியது என்பார், பௌத்தரும் அப்படியே. இதற்கு இந்த நூலில் எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: முதல் மூன்று இயல்கள் எந்தத் தத்துவ வகுப்பிலும் பாடமாக வைக்கத் தகுந்தவை. நான்காவதிலிருந்து வரும் இயல்களைச் சாட்சியம் என்று சொல்லியே கற்பிக்க வேண்டும். நூல் வீட்டில் இருப்பவர்கள் ஒரு நாள் அதைப் பூஜை அறையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். கையில் பென்சிலோடு இரண்டாம் இயலிலிருந்து தொடங்குங்கள். உடன்படாத இடத்தில் ஓரத்தில் எழுதுங்கள்.